தங்கம் அத்தைக்காகப் பூண்டிக்கு ஒரு தூது

தன் கல்யாணத்துக்கென்று மஸ்கட்டிலிருந்து வந்த என்னை, அதே கல்யாணத்தை நிறுத்தச் சொல்லித் தூது அனுப்பினாள் தங்கம் அத்தை. கொடைக்கானலில் வந்து இறங்கி நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள், "ஷீலா, நாளைக்கு வெள்ளனே பூண்டிக்குப் போயிட்டு வந்துரு. அவருகிட்ட எனக்கு இதுல இஷ்டம் இல்லன்னு பதமாச் சொல்லிரு" என்றாள். காதில் விழுந்தது மனசில் ஏற எனக்கு ஒரு டம்ளர் காபி தேவைப்பட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அறுபது தாண்டியவள். இந்த ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமே செய்துகொள்ளாதவள். மாப்பிள்ளை மாசிலாமணி, பூண்டியில் மலைப்பூண்டும் காரட்டும் போடுகிற விவசாயி, மனைவியை இழந்தவர். விடுதிச் சமையலுக்குப் பல வருஷம் காய்கறி கொண்டுவந்து இறக்கியவர். அத்தை ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஒரு பை காரட்டோடு அவள் வாசலில் வந்து நின்றார். அவ்வளவு காரட்டை ஒருத்தி தனியாகத் தின்று தீர்க்க முடியாது என்பது தெருவுக்கே தெரியும். அவர் கேட்டார், இவள் ரொம்ப நாள் யோசித்தாள், கடைசியில் சரி என்றாள். "உங்கப்பாவும் இல்ல, உன் தம்பியாலயும் வர முடியலயாம். பொண்ணு வீட்டாருன்னு நிக்க எனக்கு நீதாண்டி இருக்க" என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த வெட்கத்தைக் கேட்டு நான் மஸ்கட்டில் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று அழுதேன். அப்படி வந்தவள் நான். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையின் நடுவே அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வரப்போகிற ஞாயிறு. சபையில் ஓர் ஈ காக்கைகூட ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது மணப்பெண் மட்டும்தான்.

"ரெண்டாவது ஓலை வாசிச்சு முடிச்சு வெளிய வாரேன். பழைய ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து கட்டிப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. 'எனக்கு மணவாளர் இயேசு ஒருத்தர்தான்னு எங்ககிட்டச் சொல்லுவீங்களேம்மா, இப்ப அவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க'ன்னு கேக்குறா. வெளையாட்டாத்தான் கேட்டா. எனக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கல."

"அதுக்காகவா அத்தை?"

"நான் வாக்குக் கொடுத்தவடி. அவரு என்னைய இத்தனை வருஷம் வச்சுப் பார்த்துருக்காரு. இப்ப வயசான காலத்துல இன்னொருத்தர் பின்னால போனா அதுக்கு என்ன பேரு?"

அவளுடைய ஆண்டவர் அவளுக்குப் படத்தில் மாட்டிவைத்த ஆள் இல்லை. அடுப்படியில் கூடவே இருக்கிறவர். அவரிடம் அவள் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா வேதப் புத்தகத்தை முதலிலிருந்து வரிசையாக, நாளைக்கு ஓர் அதிகாரமாக வாசிப்பார். யார் யாரைப் பெற்றான் என்ற நீண்ட வம்சப் பட்டியலைக்கூட விடமாட்டார். கொட்டாவி விட்டால் முறைப்பார். ஆனால் புத்தகத்தின் நடுவே காதலனும் காதலியும் மாறி மாறிப் பாடிக்கொள்கிற அந்தச் சின்னப் பகுதி வரும்போது மட்டும் நாலைந்து தாளைச் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டி அடுத்த தீர்க்கதரிசிக்குப் போய்விடுவார். எங்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவ வீடு அத்தனையிலும் அப்பாக்கள் அப்படித்தான் புரட்டினார்கள்.

அப்பா தாண்டியதைப் பிள்ளைகள் சும்மா விடுவோமா? நானும் என் தம்பியும் அதைக் கம்பளிக்குள் டார்ச் அடித்து வாசித்தோம். ஒருநாள் அத்தையிடம் மாட்டிக்கொண்டோம். அடி விழும் என்று காத்திருந்தால் அவள் கம்பளிக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். "இதுல ஒளிக்க என்ன இருக்கு? அந்தக் காதலன் கடவுள். அந்தப் பொண்ணு நாம. கடவுளுக்கு மனுஷங்க மேல அவ்வளவு ஆசை" என்றாள். பிறகு வரி வரியாக அர்த்தம் சொன்னாள். கூந்தலுக்கு ஓர் அர்த்தம், கழுத்துக்கு ஓர் அர்த்தம், பல் வரிசைக்குக்கூட ஆவிக்குரிய அர்த்தம் ஒன்று கைவசம் வைத்திருந்தாள். அவளுடைய ஸ்வெட்டரின் நாப்தலின் வாசனையும் டார்ச்சின் மஞ்சள் வட்டமும் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. கடவுளுக்கு என்மேல் ஆசை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அதற்கு முன்னால் அவருக்கு என்மேல் கோபம் என்று மட்டும்தான் தெரியும்.

விடுதிப் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தாள். காதல் கடிதத்தோடு பிடிபடுகிற பெண்ணை உட்கார வைத்து அந்தப் பாட்டைப் படிக்கச் சொல்வாளாம். வேறு எந்த விடுதியிலும் இப்படியொரு தண்டனை இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் பூண்டி பஸ்ஸில் ஏறினேன். மஸ்கட்டில் இந்த நேரத்துக்கு வெயில் சுவரை உரித்துக்கொண்டிருக்கும். இங்கே ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் விறைத்தது. ஏரிப் பக்கம் இப்போது ஹோம்மேட் சாக்லேட் கடை இல்லாத கட்டடம் இல்லை. ஊரைத் தாண்டியதும்தான் நான் வளர்ந்த மலை வந்தது, யூகலிப்டஸ் வாசனையும் அடுக்கடுக்கான பூண்டு வயலும் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து பயணம் செய்கிற ஆட்களுமாக.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊருங்க? என்ன சோலியா வாரீக? கல்யாண வீடா, துட்டி வீடா?"

"ரெண்டுக்கும் நடுவுலங்க" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. துணியில் கட்டியிருந்த பணியாரத்தில் இரண்டை எடுத்து என் மடியில் வைத்தார். துக்கம் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. பணியாரம் நன்றாக இருந்தது.

மன்னவனூர் தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. சாலை நடுவே ஒரு காட்டுமாடு, பஸ் ஜன்னல் உயரத்துக்கு, எங்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஓர் இளவட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். "ஏலே, கிட்டப் போகாதலே! அது போட்டோவுக்கு நிக்கல, முட்டுறதுக்கு நிக்கிது" என்று கண்டக்டர் கத்தினார். மாடு தானாக நகர்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். எனக்கு அந்த மாடு அங்கேயே நின்றால் தேவலை என்று இருந்தது. கொண்டுபோகிற சேதி அப்படி.

பூண்டியில் மாசிலாமணி ஓடைத் தண்ணீரில் நின்று காரட் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையோடு ஓடிவந்தார். "வாங்க வாங்க! மஸ்கட்டு மக வந்துட்டீங்களா? வீட்டப் பாத்துட்டுப் போகச் சொல்லி அனுப்புனாங்களாக்கும்?" என்று அவரே கேட்டு அவரே சந்தோஷப்பட்டு, என்னை வாய் திறக்கவிடாமல் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. இந்தப் பக்கத்தில் பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். விறகுப் புகை பட்டுப் பட்டுத்தான் மலைப்பூண்டு மாசக்கணக்கில் கெடாமல் இருக்கும். அவர் வீட்டுப் பரண் காலியாக இருந்தது.

"வார்டனம்மாவுக்கு அந்த வாடை ஆகாதுங்க. தலைவலி வந்துரும். எல்லாத்தையும் கொட்டகைக்கு மாத்திட்டேன்" என்றார்.

"கொட்டகையில அடுப்பு ஏது? புகையில்லாமக் கெடந்தா பூசணம் புடிக்கும்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அவருடைய மருமகள் கலா, எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே. "மாமா கேட்டாத்தானே? தெனமும் சாயங்காலம் அங்க போயி, சட்டியில வெறகப் போட்டு, தானே உக்காந்து புகை போட்டுக்கிட்டு இருக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, பாருங்க."

பார்த்தேன். சிவந்துதான் இருந்தன. அப்போதே திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது.

மத்தியானச் சாப்பாடு சுடுசோறும் பட்டர் பீன்ஸ் குழம்பும். முழுப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி மேலே போட்டாள் கலா. மஸ்கட்டில் நாங்கள் வாங்கும் பூண்டு வெள்ளையாக, பெரிதாக, ஒழுக்கமாக இருக்கும். வாயில் போட்டால் ஒன்றும் சொல்லாது. இது பேசியது. ரெண்டாம் தரம் சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னேன். பதமாகச் சொல்ல நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், அத்தை தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தவள், அதனால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று போட்டு உடைத்தேன்.

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"அவரு கூட நான் எப்படிங்க போட்டி போட முடியும்? அவரு ராசா. நான் பூண்டுக்காரன்." அவர் குரல் உடைந்தது. உடனே கோபமும் வந்தது. "ஆனா ஒண்ணு கேக்குறேன். ராசாவுக்கு முழங்கால் வலிக்குமா? தைலம் தேய்க்க ஆள் வேணுமா அவருக்கு? எனக்கு வேணும். அவங்களுக்கும் வேணும். அவங்க நொண்டி நொண்டிப் படியேறுறத நான் பாத்துருக்கேன்."

எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். கலா என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திரும்பிப் போகும் பஸ் வழியில் எங்கேயோ கெட்டு நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. நான் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. இதைவிடச் சங்கடமான விருந்தாளியாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

விளக்கு வைத்ததும் அவர்கள் வீட்டிலும் ஜெபம். மாசிலாமணி விரலை வரிக்குக் கீழே ஓட்டி ஓட்டி வாசித்தார். பேர்கள் வந்தால் தடுமாறுவார். கலா சிரிப்பை அடக்குவாள். முடிந்ததும் என் அப்பா காதல் பாட்டைத் தாண்டிய கதையைச் சொன்னேன். எதையாவது பேசி அந்த இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்றுதான்.

அவர் ஆச்சரியப்பட்டார். "தாண்டுவாங்களா? எங்களுக்கு அது தெரியாதுங்களே. எங்கப்பா சிலோன்ல தேயிலத் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல பொறந்தவரு. எழுத்து வாசனையே கெடையாது. கப்பலேறி இங்க வந்து, தோட்ட வேலை செஞ்சு எங்கள வளத்தாரு. எங்க குடும்பத்துல வேதத்தக் கையில எடுத்து மொதல்ல வாசிச்சது நானும் எங்க வீட்டுக்காரியும்தான். எதை வாசிக்கணும், எதைத் தாண்டணும்னு எங்களுக்கு யாரு சொல்லித் தந்தா? மொத தாளுல இருந்து ஒண்ணு விடாம வாசிச்சோம்."

"அந்தப் பகுதி வந்தப்போ?"

"அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. 'என்னங்க இது, சாமி புஸ்தகத்துல இப்படியெல்லாம் கதைக்கிறாங்க'ன்னா. எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்த இடம் எப்ப வரும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருப்போம்." அவர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அவ போன பெறகு நான் மட்டும் வாசிச்சப்போ, அது எனக்கு ஆண்டவர் சொல்றாப்புலதான் இருந்துச்சு. வேற யாரும் இல்லையே எனக்குச் சொல்ல."

அந்த வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தபோது எனக்கு அத்தையின் டார்ச் வெளிச்சம் ஞாபகம் வந்தது. அவள் கடவுளின் அன்பிலிருந்து ஆரம்பித்துக் காதலுக்கு அர்த்தம் சொன்னாள். இவர் காதலில் ஆரம்பித்துக் கடவுளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். மனிதர்கள்மேல் தனக்கு இருக்கும் ஆசையைச் சொல்ல வந்த கடவுளுக்கு, காதலர்கள் பேசிக்கொள்வதைவிடப் பொருத்தமான பேச்சு அகப்படவில்லை. அப்படியிருக்க, ஒருத்தி மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தால் அந்தக் கடவுள் எப்படிக் கோபித்துக்கொள்வார்? அத்தையை நினைத்து எனக்கு முதல்முறையாகக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை காரட் லோடு ஏற்றிய சின்ன வண்டியில் கிளம்பினோம். "அவங்க வாயாலேயே கேட்டுக்கிறேன். வேணாம்னு அவங்க சொன்னா சத்தியமா திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார் மாசிலாமணி. பச்சை ஸ்வெட்டர் போட்டுத் தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கலா வண்டி ஜன்னல் வழியாக, "வெரசாப் போயிட்டு நல்ல சேதியோட வாங்க மாமா" என்றாள். வழியெல்லாம் மூடுபனி. ஹாரன்தான் பேசிக்கொண்டு வந்தது.

அத்தையின் சந்து குறுகல். வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தோம். ஜன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது, மறைந்தது, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. "ஷீலா, நீ மட்டும் பின்பக்கமா வா" என்று உள்ளேயிருந்து குரல். நான் சுற்றிப்போய் அடுப்படி வழியாக நுழைந்தேன்.

முன்கதவு தட்டப்பட்டது. "வார்டனம்மா, நான்தாங்க."

அத்தை கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றாள். கை தாழ்ப்பாளுக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் கை எழும்பவில்லை.

"அத்தை, தட்டுறாரு."

"எனக்குக் காது கேக்கும்."

"ஒரு வார்த்தைங்க. அதுக்கப்புறம் போயிருவேன்" என்றது வெளியே இருந்த குரல். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஜெபமா, அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலா, எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் தட்டும் சத்தம். பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

"இருக்காரா, பாரு" என்றாள்.

ஜன்னலைத் திறந்தேன். பனி மட்டும்தான் இருந்தது. "காணோம் அத்தை."

தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. அத்தை சால்வைகூட இல்லாமல், ஒரு காலில் அவள் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகச் சந்தில் ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பின்னால் ஓடினேன். மளிகைக் கடையில் நின்று, "பூண்டிக்காரர் இந்தப் பக்கம் போனாரா?" என்று கேட்டாள். சைக்கிள் ஓட்டிவந்த டூரிஸ்ட் ஜோடியை மறித்துக் கேட்டாள். இந்த ஊரில் அவளைக் கண்டு ஓடி ஒளிந்த பெண்கள் எத்தனையோ பேர். அவளே இப்படித் தெருவில் நின்று ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரம்மா தேடுறீங்க? ஆள் எப்படி இருப்பாரு?"

"நல்ல உசரம்" என்றாள் அத்தை, மூச்சு வாங்க. "பச்சை ஸ்வெட்டர். ஜன்னல் வழியாப் பாத்தேன். முன்னால வழுக்கை. கை ரெண்டும் காப்புக் காய்ச்சிக் கெடக்கும். சிரிச்சா கண்ணு இருக்கிற இடம் தெரியாது. பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்து வரும், சிலோன்காரங்க மாதிரி. அவரு வந்தா மூட்டை தூக்குறவங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே தூக்குவாங்க. அப்படி ஒரு ஆளு."

கடையில் இருந்தவர்கள் டீயை உறிஞ்சாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டில் இப்படியே ஓர் இடம் உண்டு. அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் படுக்கையிலிருந்து எழுந்து வரத் தாமதிக்கிறாள். திறக்கும்போது அவன் போயிருக்கிறான். அவள் தெருவில் ஓடி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்கிறாள். உன் ஆள் எப்படிப்பட்டவன் என்று அவர்கள் கேட்க, தலையிலிருந்து கால்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

"வழுக்கையெல்லாம் சொல்லணுங்களா?" என்றது ஒரு குரல்.

மாசிலாமணி எங்களுக்குப் பின்னால் நின்றார். டூரிஸ்ட் வேன் ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அவருடைய காரட் வண்டி வழியை மறித்திருக்கிறது. அதை ஓரங்கட்டப் போயிருக்கிறார்.

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ படுக்கைய விட்டு எந்திரிக்கச் சோம்பேறித்தனப்பட்டுத்தான் கதவத் தெறக்கலன்னு இத்தனை வருஷமாப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேண்டி. அவ சோம்பேறி இல்ல. பயந்துபோயி நின்னுருக்கா."

"யாருங்க?" என்றார் மாசிலாமணி.

அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், டீக்கடை முழுவதும் பார்க்க. அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. "எனக்குச் சம்மதம்" என்றாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் காதோடு, "அவரு கோவிக்கலடி. என்னையத் தெருவுல ஓடவிட்டு வேடிக்கை பாத்துருக்காரு" என்றாள். இந்த 'அவரு' யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆராதனையில் போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல் நிறுத்தினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து நின்று, சபையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, விளக்கணைத்த பிறகும் பேசுகிற பிள்ளைகளைப் பார்க்கும் அதே பார்வையால் பார்த்தாள். யாரும் மூச்சு விடவில்லை.